செயின் செற் மாத்தக் குடுக்கிறவை கவனம்

யாழ்ப்பாணத்தில டேர்ட் பைக் வச்சிருக்கிறவை இதை ஒருக்கா வாசியுங்கோ.

என்னட்டை இருக்கிறது பழைய ஹொண்டா எக்ஸ்ஆர் 250 பாஜா. மணல்காட்டுப் பக்கம் அடிக்கடி ஓடுறதால செயினுக்குள்ள மணலும் உப்பும் போய், பின் ஸ்ப்ரொக்கற்றின்ர (செயின் சுத்துற பல்லுச் சக்கரம்) பல்லெல்லாம் கொக்கி மாதிரி வளைஞ்சிட்டுது. ரவுணுக்குக் கிட்ட ஒரு கராச்சில முழுச் செற்றும் மாத்தக் குடுத்தனான். செயின், முன் ஸ்ப்ரொக்கற், பின் ஸ்ப்ரொக்கற், கூலி எல்லாம் சேத்து 34,000 ரூபா. பழைய சாமானைக் கேட்டன். "அது இரும்புக்குப் போட்டாச்சு தம்பி" எண்டார். நம்பிக் காசைக் குடுத்திட்டன்.

நாலாம் நாள் பண்ணைப் பாலத்தில, வேலணைக்குப் போகேக்க, டக்கெண்டு ஒரு சத்தம். எஞ்சின் கத்துது, பைக் இழுக்கேல்ல. செயின் கழண்டு முன்பக்கம் சுருண்டு கிடந்தது. பின்னால வந்த பஸ்காரர் நேரத்துக்குப் பிறேக் பிடிச்சபடியால்தான் இண்டைக்கு இதை எழுதுறன்.

வீட்டை கொண்டுவந்து பாத்தால், முன் ஸ்ப்ரொக்கற் கவரின்ர போல்ட் தலையைச் சுத்தி மணல்காட்டு மண் காய்ஞ்சு அப்பிடியே இறுகிக் கிடக்குது. அந்தக் கவரை அவை தொடவே இல்லை! உள்ள இருந்தது என்ர பழைய ஸ்ப்ரொக்கற்தான், பல்லு ஊசி மாதிரித் தேய்ஞ்சுபோய். தேய்ஞ்ச பல்லில புதுச் செயின் சரியா இருக்காது, அதுவும் கெதியா இழுபட்டுப் போகும். செற்றா மாத்தவேணும் எண்டுறது அதுக்குத்தான்.

செயின் கழண்டது வேற பிழையால. பைக் எடுத்த அண்டு ஒரு படம் எடுத்தனான். அதைப் பெரிசாக்கிப் பாத்தன். செயினின்ர ரெண்டு முனையையும் பொருத்துற இணைப்புக் கண்ணியின்ர கிளிப்பை மாறிப் போட்டிருக்கினம். மூடின பக்கம்தான் செயின் ஓடுற திசையைப் பாக்கவேணும். திறந்த வாய் முன்னால நிண்டால், எதிலயாவது தட்டுப்பட்டுக் கிளிப் தெறிச்சுப் போயிடும்.

பிறகு நானும் மச்சானும் முத்தத்தில வச்சு, சொக்கற் செற், குறடு, கிறைண்டரோட ஒரு பின்னேரத்தில முடிச்சிட்டம். முன் ஸ்ப்ரொக்கற்றைப் பிடிக்கிறது ஒரு தகடும் ரெண்டு சின்னப் போல்ட்டும்தான். அந்தச் சின்ன வேலையைச் செய்யாமல்தான் காசு வாங்கியிருக்கினம். கடையில 520 செயின் எண்டு கேட்டு வாங்குங்கோ. 428 இதுக்குப் பொருந்தாது, கண்ணி இடைவெளியே வேற: 520இல 15.875 மில்லிமீற்றர், 428இல 12.7. செயினில தொய்வும் விடவேணும். ஆள் ஏறி இருக்க சஸ்பென்சன் அமர்ந்து செயின் இன்னும் இறுகும். கராச்சில கம்பி மாதிரி இறுக்கி விட்டிருந்தவை.

பழைய ஸ்ப்ரொக்கற்றைக் கையில கொண்டுபோய்க் காட்டினன். "நீர் மணலுக்குள்ள ஓடினா அப்பிடித்தான்" எண்டார். ஒரு ரூபாவும் திருப்பித் தரேல்ல.

காசு எண்ணிக் குடுக்க முதல் பழைய மூண்டு சாமானையும் கையில வாங்குங்கோ. கிளிப்பைக் குனிஞ்சு பாருங்கோ. மச்சான்ர பைக்குக்கும் தை மாசம் அங்கதான் "முழுச் செற்" மாத்தினது. நாளைக்கு அதின்ர கவரைக் கழட்டப்போறம்.