கோண்டாவையும் பிப்பையும் சேர்த்துப் புழங்கிய அனுபவம்

செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பைத்தான் நிரல்மொழியில் வேலை செய்கிறவர்களுக்கு, அந்தப் படங்களைப் படிக்கவும் மாற்றவும் உதவும் ஜிடால் (GDAL) நூலகம் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. பைத்தானின் வழக்கமான நிறுவும் கருவியான பிப் (pip) மூலம் அதை நிறுவ வேண்டுமென்றால், அதன் சி++ நூலகம் ஏற்கெனவே கணினியில் இருக்க வேண்டும், பதிப்பும் பொருந்த வேண்டும். இன்னொரு நிறுவும் கருவியான கோண்டாவுக்கு (conda) உரிய தொகுப்புக் களஞ்சியம் கோண்டா-ஃபோர்ஜ்; அதில் ஒரே கட்டளையில் வேலை முடிகிறது. ஆனால் புதுப்புது சின்ன நூலகங்கள் பல, பிப் எடுத்துவரும் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் (PyPI) மட்டும்தான் கிடைக்கின்றன. அதனால் பல வருடங்களாக இரண்டையும் ஒரே சூழலில் (ஒரு திட்டத்துக்கான நூலகங்களைத் தனியாக வைக்கும் இடம்) வைத்துத்தான் வேலை பார்க்கிறேன்.

இரண்டும் நூலகங்களைப் போடுவது ஒரே சைட்-பேக்கேஜஸ் அடைவில். கணக்கு மட்டும் தனித்தனி. கோண்டா தன் பதிவுகளைக் கோண்டா-மெட்டா அடைவில் எழுதி வைக்கும். பிப் அந்தப் பக்கமே போகாது. 2024 ஜூனில், எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) நூலகத்தின் 2.0 பதிப்பு வந்தபோது இது நன்றாகத் தெரிந்தது. பிப்பில் நம்பை 2.0 கேட்கும் ஏதோ ஒரு குட்டி நூலகத்தைப் போட்டால், அது கோண்டா வைத்த நம்பையைக் கழற்றிவிட்டு 2.0ஐ மாட்டிவிடும். அடுத்த முறை ஸ்கிரிப்டை ஓட்டினால், நம்பை 1.x கொண்டு கட்டிய மாட்யூல் 2.0இல் இயங்காது என்ற பிழைச்செய்தி. கோண்டா லிஸ்ட் கொடுத்துப் பாருங்கள், நம்பைக்கு நேரே சேனல் (எங்கிருந்து வந்தது) இடத்தில் பைபிஐ என்று இருக்கும். கோண்டாவின் பதிவிலோ பழைய நம்பைதான். அதற்கு மேல் கோண்டாவில் எதையாவது நிறுவினால், எந்தக் கோப்பு யாருடையது என்றே சொல்ல முடியாது.

ஆகவே நான் விடாமல் கடைப்பிடிக்கும் வரிசை: கோண்டாவில் கிடைப்பதெல்லாம் முதலில், பிப் கடைசியில். பிப்புக்குப் பிறகு கோண்டாவைத் தொடுவதில்லை. கோண்டாவில் இன்னொன்று தேவையா? சூழலுக்குத் தேவையானவற்றைப் பட்டியலிடும் என்விரான்மென்ட் கோப்பில் அதைச் சேர்த்து, சூழலை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவேன். முன்பு இது பெரிய வேலை. 2023இல் வந்த கோண்டா 23.10 வேகமான லிப்மாம்பாவை இயல்பான சால்வராக்கிய (எந்தப் பதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் என்று கணக்கிடும் பகுதி) பிறகு, சூழலைத் திரும்பக் கட்டுவது ஒரு சுமையாகவே இல்லை.

பிப்பில் ட்ரை-ரன் (--dry-run) வசதி இருக்கிறது, பலர் அதைத் தொடுவதே இல்லை. எதையும் நிறுவாமல், எதையெல்லாம் நிறுவப்போகிறது என்று மட்டும் காட்டும். அந்தப் பட்டியலில் நம்பையோ ஜிடாலோ தலைகாட்டினால் அங்கேயே நிறுத்திவிட்டு, பொருந்தும் பதிப்பு கோண்டாவில் இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம், வெறும் பிப் என்று அடிக்காமல் பைத்தான் -எம் பிப் (python -m pip) என்றே அடியுங்கள். நூலகம் கணினியிலுள்ள வேறு பைத்தானுக்குள் போய் விழாது.

புதிதாகத் தொடங்கும் திட்டங்களுக்கு இப்போது, கோண்டா, பைபிஐ இரண்டின் தொகுப்புகளையும் கையாளும் பிக்ஸி (pixi) கருவிதான். கோண்டா தொகுப்புகளை முதலில் தீர்த்துவிட்டு, அவற்றுக்கு ஒத்துவரும் பைபிஐ தொகுப்புகளைப் பிறகு தேடுகிறது. இரண்டும், சரியான பதிப்புகளைக் குறித்துவைக்கும் ஒரே லாக் கோப்பில் பதிவாகின்றன. பழைய திட்டங்களையும் ஒவ்வொன்றாக அதற்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.