பேசாதவளின் குரல்: ‘த சைலன்ட் பேஷன்ட்’ ஒலிநூல்

ஓவியர் அலீசியா பெரென்சன் தன் கணவன் கேப்ரியலின் முகத்தில் ஐந்து முறை சுடுகிறாள். அதன்பிறகு ஒரு வார்த்தை பேசுவதில்லை. வட லண்டனில் ‘த குரோவ்’ என்ற காவலுடன் கூடிய மனநல நிலையத்தில் இருக்கும் அவளைப் பேசவைத்தே தீருவது என்று வந்து சேர்கிறான் உளச்சிகிச்சையாளன் தியோ ஃபேபர். அலெக்ஸ் மைக்கேலிடீஸின் முதல் நாவல் இது, 2019இல் வந்தது. அச்சில் படித்தவர்களும் ஒருமுறை காதால் கேட்கவேண்டும். தியோ சொல்வதை ஜாக் ஹாக்கின்ஸும் அலீசியாவின் நாட்குறிப்பை லூயிஸ் பிரீலியும் வாசிக்கிறார்கள். மொத்தம் 8 மணி 43 நிமிடம்.

இரண்டு குரல் என்பதுதான் இங்கே முழு வித்தியாசமும். கதைக்குள் யாரிடமும் வாய் திறக்காதவள் நம் காதுக்குள் மட்டும் பேசுகிறாள். நாட்குறிப்பு முடிந்து மறுபடி தியோவின் குரல் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அவளுடைய மௌனம் இன்னும் கனக்கிறது. ஹாக்கின்ஸின் குரல் மெதுவானது, கனிவானது, நம்பத் தோன்றுவது. உளவியல் திகில் கதையில் ‘நான்’ என்று சொல்பவனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்விதான் உயிர். அந்தக் கேள்வியை அவர் குரல் கடைசிவரை தாங்கிப் பிடிக்கிறது.

அலீசியா வரைந்த கடைசி ஓவியத்தின் பெயர் அல்செஸ்டிஸ். கணவனுக்காகச் சாகப்போய், மீண்டு வந்தபின் பேசாமல் நிற்கும் கிரேக்கப் பெண் அவள். யூரிப்பிடீஸின் நாடகத்தில் வருபவள். கணவனுக்காக அரசவையில் வழக்குரைத்த கண்ணகியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த மௌனம் கூடுதலாகவே உறைக்கும்.

குறையும் உண்டு. நடுப்பகுதியில் தியோ அலீசியாவுக்கு வேண்டியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போகிறான். கேப்ரியலின் சகோதரனான சட்டத்தரணி மேக்ஸ், ஓவியக்கூடம் நடத்தும் ஜான்-ஃபெலிக்ஸ், கேம்பிரிட்ஜில் அத்தை லிடியா, அவள் மகன் பால். எல்லோரையும் ஒரே வாசிப்பாளர் பேசுவதால் யார் பேசுவது என்று குழம்பும். அச்சில் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம், இங்கே அது முடியாது. இந்த நான்கு பெயரையும், நிலைய இயக்குநர் டயோமிடீஸ் பெயரையும் ஒரு துண்டில் குறித்து வைத்தால் போதும்.

வேகத்தைக் கூட்டுவதில் கவனம் தேவை. 1.25இல் வைத்தால் ஏறத்தாழ 7 மணி நேரத்தில் முடிந்துவிடும், தியோ பகுதிக்கு அது பொறுக்கும். நாட்குறிப்பை 1.0இலேயே கேளுங்கள். வேகம் கூடும்போது சொற்களுக்கு இடையிலான நிறுத்தமும் சுருங்கும். அலீசியாவின் தயக்கம் முழுவதும் அந்த நிறுத்தங்களில்தான் இருக்கிறது. ஒவ்வொரு குறிப்பும் தேதியோடு தொடங்கும். அதைத் தவறவிட்டால் 30 விநாடி பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டுவிட்டே நகருங்கள்.

கொழும்பில் இதை எங்கே கேட்பது என்பதும் முக்கியம். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் சரிவராது. இயந்திர இரைச்சல் தாழ்ந்த சுருதியில் இருப்பதால் ஹாக்கின்ஸின் தணிந்த குரலை அது விழுங்கிவிடும். இரைச்சல் குறைக்கும் இயர்போன் அந்த உறுமலை அடக்கினாலும் திடீர் ஹோர்னை அடக்காது. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதைவிடக் காதுத்துளைக்குப் பொருந்தும் ரப்பர் நுனி போடுவது நல்லது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் கரையோர ரயிலில் வாசலோரம் நிற்காமல் உள்ளே இருந்தால் ஒரு அத்தியாயம் கேட்கலாம். வாசலில் கடல்காற்று மைக்கில் ஊதுவதுபோல் இரையும், இரைச்சல் குறைப்பு வசதி சில இயர்போன்களில் அதை இன்னும் மோசமாக்கும்.

வாங்குவது ஒலிநூல் விற்கும் ஆடிபிள் தளத்தில் எளிது. அமெரிக்கத் தளத்தில் மாதம் 14.95 டொலருக்கு ஒரு கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு ஒரு நூல். கார்டில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்க வேண்டும். சந்தாவை நிறுத்தினால் வாங்கிய நூல் உங்களிடமே இருக்கும், செலவழிக்காத கிரெடிட் போய்விடும்; ஆகவே முதலில் நூலை எடுங்கள், பிறகு நிறுத்துங்கள். 64 கேபிபிஎஸ் ஒலித்தரத்தில் மணிக்கு 29 எம்பி வீதம் முழு நூலும் 250 எம்பி அளவில் வரும். வீட்டு வைஃபையில் இறக்கிவிட்டால் வழியில் டேட்டா தேவையில்லை.

தற்கொலை முயற்சி, சிறுவயதில் தகப்பனின் கொடுமை எல்லாம் வெளிப்படையாக வருகின்றன. பிள்ளைகள் இருக்கும் காரில் ஒலிபெருக்கியில் போடவேண்டாம். படுக்கையில் கேட்பவர்கள், ஒலியைத் தானாக நிறுத்தும் ஸ்லீப் டைமரை நிமிடக் கணக்கில் வைக்காமல் அத்தியாய முடிவுக்கு வையுங்கள், இல்லாவிட்டால் வாக்கியத்தின் நடுவில் அறுந்துபோகும். கடைசி ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் டைமரே வேண்டாம். அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரே இருப்பில் கேளுங்கள்.