கல்வெட்டுத் தொகுப்பா, ஊர் வரலாறா?

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் 31 கல்வெட்டுகளையும் மைப்படி (கல்லில் ஈரத்தாளை ஒற்றி, மை தடவி எடுக்கும் எழுத்தின் பிரதி) எடுத்து முடித்தபோது, நாங்கள் மூன்று பேரும் ஒரு கேள்வியில் சிக்கிக்கொண்டோம். இவற்றை வைத்து ஊரின் வரலாற்றை எல்லாரும் படிக்கும்படி எழுதுவதா, கல்லில் இருப்பதை வரிக்கு வரி அப்படியே தொகுத்துப் போடுவதா? தொகுப்பைத்தான் போட்டோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வரலாற்று நூலின் பலம் தெரிந்ததுதான். வாசகர்கள் அதிகம், பதிப்பாளரும் சீக்கிரம் சம்மதிப்பார். வேகமும் உண்டு. கீழடியில் 2018இல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வைப் பற்றி, 2019 செப்டம்பரிலேயே தமிழ்நாடு தொல்லியல் துறை படங்களோடு எளிய நூல் கொண்டுவந்தது. 353 செ.மீ. ஆழத்து மாதிரியின் காலம் கி.மு. 580 என்ற செய்தி டீக்கடை வரை போனது. ஆனால் ஆதிச்சநல்லூரில் 2004-05இல் தோண்டியதற்கு முழு அறிக்கை தயாராகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. முழு விவரம் தரும் நூல்களுக்கு இந்தத் தாமதம் பெரிய குறை, மறுக்கவில்லை.

சரி, பிறகு ஏன் தொகுப்பு? நாம் செய்த தவறைப் பின்னால் வருபவர் நம் புத்தகத்தை வைத்தே கண்டுபிடிக்க முடியவேண்டும். எனக்கு அதுதான் முக்கியம்.

புதுச்சேரிக்கு அருகே இருக்கும் பழைய துறைமுக ஊரான அரிக்கமேட்டைப் பாருங்கள். 1945இல் அங்கே தோண்டிய தொல்லியலாளர் மார்டிமர் வீலர், மறு ஆண்டே ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழில் அறிக்கையை வெளியிட்டார். உட்புறம் புள்ளிப்புள்ளியாக வட்டக்கோலம் ஓடும் ‘ரௌலட்டட்’ பானையோடுகள் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்தவை என்பது அவர் கருத்து. ஆனால் எந்த ஓடு எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்பதையும் வரைபடங்களோடு கொடுத்திருந்தார். 1983இல் தொல்லியலாளர் விமலா பெக்லி அந்தச் சான்றுகளையே மறுபடி அலசி, அந்த ஓடுகள் இந்தியாவில் செய்தவை, ஊரும் ரோமானிய வணிகத்துக்கு முற்பட்டது என்று வாதிட்டார். 1989 முதல் 1992 வரை அவரே அங்கே மறுபடி தோண்டினார். வீலர் தன் முடிவை மட்டும் சுவையாக எழுதிவிட்டுப் போயிருந்தால் பெக்லிக்கு என்ன கிடைத்திருக்கும்?

எங்களுக்கும் சிறிய அளவில் அது நடந்தது. கோயில் விளக்குக்கு நெய் கிடைக்க ஆடுகள் கொடுத்ததைச் சொல்லும் ஒரு சோழர் கால விளக்குக் கொடைக் கல்வெட்டில் ‘சாவா மூவாப் பேராடு தொண்ணூ’ என்பதோடு கல் பெயர்ந்திருக்கிறது. எண்ணிக்கை குறையாமல் காக்கவேண்டிய ஆடுகளைத்தான் ‘சாவா மூவாப் பேராடு’ என்பார்கள். அவை தொண்ணூறா, தொண்ணூற்றாறா? நந்தாவிளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, இரண்டு எண்ணிக்கையும் வழக்கத்தில் உண்டு. கதையாக எழுதியிருந்தால் 96 ஆடுகள் என்று கூசாமல் எழுதியிருப்பேன். தொகுப்பில் சிதைந்த இடத்துக்குப் புள்ளி வைத்து, இடைவெளியின் அளவையும் கொடுத்தோம். பக்கத்து ஊர்த் தமிழாசிரியர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, அந்த இடத்தில் ‘று’ மட்டும்தான் கொள்ளும், ‘ற்றாறு’ கொள்ளாது என்றார். மைப்படியை விரித்து அளந்து பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி.

அப்புறம் கோயிலில் திருப்பணி வந்தது. சுவரைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். வடபுறக் குமுதப்படையில் (சுவருக்குக் கீழே அடித்தளத்தில் புடைத்து ஓடும் கல்வரிசையில்) இருந்த நான்கு கல்வெட்டுகளில் இப்போது விரலால் தடவினால்கூட எழுத்து தட்டுப்படவில்லை. அந்த விளக்குக் கொடையும் அதில் ஒன்று. அகழ்குழியும் இப்படித்தான், தோண்டிய அடுக்கு மறுபடி வராது.

தொடர்ச்சியாக வரலாறு சொல்லும் நூலை நான் எழுதியதில்லை. கைதேர்ந்தவர் எழுதினால் பின்னிணைப்பில் வாசகங்களையும் சேர்த்து இரண்டையும் ஒரே நூலில் சாதிக்கலாம். பக்கத்தைக் குறைக்கச் சொன்னால் முதலில் பறிபோவது அந்தப் பின்னிணைப்பாகத்தான் இருக்கும் என்பது என் பயம்.

எங்கள் 300 படிகள் விற்க இரண்டு ஆண்டு ஆனது. அடுத்த பதிப்பில் ஒவ்வொரு வாசகத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் மைப்படியின் படத்தை வைக்கப்போகிறோம், அந்த நான்கு கல்வெட்டுகளுக்கு முழுப் பக்க அளவில்.