டிபியா, பிஆரா? சிங்கப்பூரில் கணவருடன் சேர்வதற்கான வழிகள்

"டிபி போதுமா அக்கா, இல்லை பிஆருக்கே போட்டுவிடலாமா?" சிங்கப்பூருக்கு வரப்போகும் பெண்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இது. டிபி என்பது அங்கே வேலை செய்யும் கணவரைச் சார்ந்து தங்கும் அனுமதி, பிஆர் என்பது நிரந்தரவாசத் தகுதி. "நீ வேலைக்குப் போக வேண்டுமா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்தப் பதிலை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

டிபி எனும் சார்ந்திருப்போர் அட்டை சுலபமான வழி. கணவர் இபியிலோ (உயர்நிலை ஊழியர்களுக்கான வேலை அட்டை) எஸ் பாஸிலோ (நடுத்தரத் திறனாளர்களுக்கான வேலை அட்டை) இருந்து, நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) எட்டினால், நிறுவனமே மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்கும். 2025இல் இபிக்கான குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி. ஆகவே இபி இருந்தும் மனைவியை அழைக்க முடியாதவர்கள் உண்டு. கட்டுமானத் தளங்களில் ஒர்க் பெர்மிட் எனும் தொழிலாளர் அனுமதியில் உழைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கோ இந்த வழியே கிடையாது. இது எனக்கு ஒருநாளும் நியாயமாகப் பட்டதில்லை.

டிபியின் பெரிய குறை வேலை. முன்பெல்லாம் மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதம் ஒன்று இருந்தால் வேலைக்குப் போகலாம். 2021 மே 1 முதல், சொந்தத் தொழில் நடத்துபவர்களைத் தவிர மற்றவர்களுக்குத் தனி வேலை அனுமதி வேண்டும். நான் வந்தது 2022இல். என் பி.எட். சான்றிதழ்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பச்சை ஃபைலிலேயே மூன்று ஆண்டு கிடந்தன. கணவரின் வேலை போனால் அவருடைய அட்டையோடு நம்முடையதும் ரத்தாகும் என்பது இன்னொரு கவலை.

பிஆரில் அந்தக் கட்டு இல்லை. விரும்பிய வேலைக்குப் போகலாம், ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியும் சேரும். ஆனால் ஆளுக்கு 100 வெள்ளி கட்டணம் திரும்பாது. மறுத்தால் காரணமும் சொல்ல மாட்டார்கள். மகனையும் சேர்த்து விண்ணப்பித்தால் அவனுக்குத் தேசிய சேவை எனும் கட்டாய ராணுவப் பணிக் கடமை வரும். அதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கணவர் தனியாக விண்ணப்பித்து அவருக்கு மட்டும் பிஆர் கிடைத்தால், இபி போய்விடும். அதைச் சார்ந்த டிபியும் நிற்காது. மனைவி குடிநுழைவு ஆணையத்திடம் நீண்டகால வருகை அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெயரைக் கேட்டால் டிபியை விடத் தாழ்ந்ததுபோல் இருக்கும். ஆனால் பிஆரின் மனைவி என்ற முறையில் அதைப் பெற்றவர், வேலை கிடைத்தால் ஒப்புதல் கடிதத்தோடு சேர்ந்துவிடலாம். ஆசிரியையாக வேலை தேடிய எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

என் யோசனை இதுதான்: டிபியில் வாருங்கள், பிஆருக்குக் குடும்பமாகச் சேர்ந்தே போடுங்கள். கிளம்பும் முன் பாஸ்போர்ட்டையும் திருமணச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், சான்றிதழில் வெறும் 'சு'. இரண்டும் ஒருவர்தான் என்று ஊரில் நோட்டரியிடம் உறுதிமொழி வாங்கி அனுப்ப அப்பா இரண்டு நாள் அலைந்தார். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். அதையும் அதே பயணத்தில் முடித்துவிடலாம்.