பட்டை தீட்டாத சாமையைத் தேடி: தருமபுரிக் கடைகள் குறித்து

சாமையும் ராகியும் விளைகிற மாவட்டத்தில் குடியிருந்துகொண்டு, தவிடு போகாத சாமை அரிசிக்காக ஓராண்டு அலைந்தேன் என்று எழுதச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதலில் ஏமாந்தது தருமபுரி நகரில் உள்ள ஓர் இயற்கை அங்காடியில். துணிப்பையும் மண்பானையுமாகக் கடை பார்வைக்கு அழகாக இருந்தது; சாமை அரிசியோ பச்சரிசியைப் போல வெளுத்திருந்தது. உமி மட்டும் நீங்கிய சாமையில் தவிட்டுப் படலம் ஒட்டியிருப்பதால், நிறம் மங்கலாக, லேசான பழுப்புச் சாயலோடு இருக்கும். கடைக்காரரிடம் கேட்டதற்கு, "தவிட்டோட வச்சா வண்டு வந்துடும் சார், வாங்கறவங்களும் வெள்ளையாத்தான் கேக்கறாங்க" என்றார். அதில் பொய்யில்லை, தவிட்டில் எண்ணெய்ப்பசை இருப்பதால் நாள்பட்டால் சிக்கு வாடையும் அடிக்கும். ஆனால் நார்ச்சத்தின் பெரும்பகுதியைத் தீட்டி எடுத்துவிட்டு, மிஞ்சியதை 'இயற்கை' என்று கூடுதல் விலைக்கு விற்பதை ஏற்க முடியவில்லை.

இப்போது பென்னாகரம் பக்கமுள்ள ஒரு சிறிய அரவை மில்லில் வாங்குகிறேன். விவசாயிகள் கொண்டுவரும் சாமையைக் கண்ணெதிரே உமி நீக்கித் தருகிறார்கள். கல் இருக்கும், பொறுமையாக அரித்துத்தான் உலையில் போட வேண்டும். வீட்டில் இதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. சோற்றின் மணத்துக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மாதத்துக்கு வேண்டியதற்கு மேல் வாங்கி வைப்பதில்லை.

ராகிக்கு இத்தனை பாடு வேண்டியதில்லை. அதன் மேல்தோல் மாவுப்பகுதியோடு இறுக ஒட்டியிருப்பதால் அரிசியைப் போல எளிதில் தீட்ட முடியாது. தானியமாக வாங்கி மாவு மில்லில் அரைத்து, சலிக்காமல் களி கிண்டினால் அதுவே முழுத் தானியம். 2023 முதல் தருமபுரி, நீலகிரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் வந்தபின், அங்காடியில் இதற்கெனப் பணம் கொட்ட நான் காரணம் காணவில்லை.

காய்கறிக்கு உழவர் சந்தை போதும். 1999இல் தொடங்கிய இத்திட்டத்தில் அடையாள அட்டை பெற்ற விவசாயிகளே நேரடியாக விற்கிறார்கள், அன்றைய விலையும் பலகையில் இருக்கும். விளைவித்தவரிடமே வாங்குகிறோம் என்பதாலேயே அது மருந்தடிக்காத காய் ஆகிவிடாது. கேட்டால் பெரும்பாலோர் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். முருங்கைக்கீரையும் அவரையும் நன்றாக இருக்கும். விடிந்ததும் போய்விட வேண்டும், வெயில் ஏறினால் கீரை வாடிவிடும்.

வெல்லத்தில் மட்டும் இன்னும் நம்பகமான இடம் அமையவில்லை. ஹைட்ரோஸ் என்கிற வெளுப்பு ரசாயனம் போட்டு நிறம் ஏற்றுவது வழக்கத்தில் இருப்பதால், பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைத் தவிர்த்து, கருத்த உருண்டையாகப் பார்த்து வாங்கி வருகிறேன்.