முயலின் முன்பல் நீண்டுவிட்டால்: வெட்டுவதா, ராவுவதா, பிடுங்குவதா?

முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளும். மேலும் கீழும் ஒன்றோடொன்று உரசினால் வளர்ந்த அளவு தேய்ந்துபோகும். உரசாவிட்டால் ஒரே மாதத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடி, கீழ்ப்பல் உதட்டைத் தாண்டி வெளியே நீட்டும், மேல்பல் உள்ளே சுருண்டு அண்ணத்தைக் குத்தும்.

உதட்டை மெல்ல விலக்கிப் பாருங்கள். மேலே இரண்டு பெரிய பற்கள், அவற்றுக்குப் பின்னால் ஆணி போல இரண்டு சிறிய பற்கள், கீழே இரண்டு. கீழ்ப்பல்லின் நுனி மேலேயுள்ள பெரிய பல்லுக்குப் பின்னால், சிறிய பல்லை ஒட்டி அமர்ந்திருந்தால் சரி. நுனியோடு நுனி முட்டினாலோ, கீழ்ப்பல் முன்னால் வந்திருந்தாலோ கடி பிசகியிருக்கிறது. முகம் குட்டையான குள்ள இனங்களிலும், காது தொங்கும் சில இனங்களிலும் இது பிறவியிலேயே வரும். பெரும்பாலும் சில மாதக் குட்டியிலேயே தெரிந்துவிடும்.

இதற்கு நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை அடியோடு ஒதுக்க வேண்டும்: நகவெட்டியாலோ வயர் கட்டராலோ வெட்டுவது. செலவில்லை, அரை நிமிட வேலை என்பதால் இன்றும் நடக்கிறது. பல் இரு பக்கமும் நசுக்கப்படும்போது வெட்டிய இடத்தோடு நிற்காமல் நெடுக்கில் விரிசல் விடும். ஈறுக்குக் கீழே வரைகூடப் போகும். உள்ளேயிருக்கும் பற்கூழ் (நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்மையான பகுதி) திறந்துகொண்டால் கிருமி இறங்கி, வேரில் சீழ்க்கட்டி உருவாகும். முயலின் சீழ் தண்ணீராக வடியாது, பசை போல் கெட்டியாக இருக்கும். கீறிவிட்டால் போதாது, கட்டியையே அறுத்தெடுக்க நேரும். வெட்டும் அதிர்ச்சி வேரடியில் பல்லை உருவாக்கும் திசுவையும் பாதிப்பதால், அடுத்து முளைத்து வரும் பல் இன்னும் கோணலாகும்.

டிரில்லில் வைரத்தூள் பூசிய முனையைப் பொருத்தி ராவுவது பாதுகாப்பானது. சாதுவான முயலைத் துண்டில் சுற்றிப் பிடித்து, முன்பற்களுக்குப் பின்னால் ஒரு தட்டையான மரக்குச்சியைக் குறுக்கே செருகினால் நாக்கும் உதடும் தப்பும்; பலவற்றுக்கு மயக்க மருந்தே தேவைப்படாது. முனையை ஒரே இடத்தில் சில விநாடிகளுக்கு மேல் அழுத்தக் கூடாது, சூடு ஏறினால் பற்கூழ் செத்துவிடும். நீண்ட பல்லில் பற்கூழும் ஈறுக்கு மேலே ஏறியிருக்கலாம் என்பதால் ஈறுமட்டம் வரை இறக்குவதும் தவறு. மேல்பல்லை உளி போலச் சரித்து முடிக்க வேண்டும்.

குறை என்னவென்றால், 3 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை ராவியாக வேண்டும். 5 வாரம் என்றே வைத்தாலும் ஆண்டுக்குப் பத்து முறை. இன்னும் எட்டு ஆண்டு வாழப்போகும் முயலுக்கு எண்பது முறை. ஒரு தவணை தவறினால் முயல் சாப்பிடத் திணறும்.

அதனால் பிறவிக் கோணலுள்ள, மற்றபடி ஆரோக்கியமான இளம் முயலுக்கு ஆறு முன்பற்களையும் ஒரேயடியாகப் பிடுங்குவதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. முழு மயக்கத்தில், வளைந்த மெல்லிய கருவியால் பல்லைச் சுற்றியுள்ள தசைநாரைப் பொறுமையாக அறுத்து எடுப்பார்கள். அவசரப்பட்டால் பல் நடுவில் உடையும். தளர்ந்த பல்லை வெளியே இழுக்குமுன் குழிக்குள் திரும்ப அழுத்திச் சுழற்றி, வேரடித் திசுவை அழிக்க வேண்டும். அது மிஞ்சினால் பல் மீண்டும் முளைக்கும். ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்தில் ஈறை ஒருமுறை பரிசோதிப்பது அவசியம்.

முன்பல் இல்லாத முயல் பட்டினி கிடக்காது. உதட்டால் கவ்வி கடைவாய்க்குக் கொண்டுபோகப் பழகிவிடும். கேரட்டையும் கீரைத்தண்டையும் மெல்லிய கீற்றுகளாக நறுக்கித் தர வேண்டும். உரோமத்தைக் கோதிக்கொள்ள முன்பல் உதவுவதால், இனி நீங்கள்தான் அடிக்கடி சீவிவிட வேண்டும்.

ஆனால் பிடுங்குமுன் தலை எக்ஸ்ரே கட்டாயம். வளர்ந்த முயலுக்குப் புதிதாக முன்பல் நீண்டால், பெரும்பாலும் கோளாறு கடைவாய்ப்பல்லில்தான். அங்கே கீழ்ப்பற்களின் கூர்முனை நாக்கையும் மேல்பற்களின் கூர்முனை கன்னத்தையும் கிழித்துக்கொண்டிருக்கும். ஈரமான மோவாய், கண்ணில் நீர், சிறுத்த புழுக்கை, புல்லை விட்டு மெத்தென்ற உணவை மட்டும் தேடுவது ஆகியவை அதற்கான அடையாளங்கள். இப்படிப்பட்ட முயலுக்கு முன்பல்லைப் பிடுங்கிப் பயனில்லை. முன்பல்லை ராவிக்கொண்டே, கடைவாயை மயக்கத்தில் சரிசெய்ய வேண்டும். மயக்கம் தாங்காத முதிய முயலுக்கும் ராவுவதே வழி. கினிப் பன்றிக்கும் முன்பல் நீள்வதற்குக் காரணம் பெரும்பாலும் கடைவாய்தான். கூடவே வைட்டமின் சி குறைந்தால் பல்லைப் பிடித்திருக்கும் திசுவே தளரும்.

கடைவாய்ப்பல் தேய்வதற்குப் புல்தான் வேண்டும். மரக்கட்டையைக் கடிப்பதால் அந்தப் பற்கள் தேயாது. நாரைப் பக்கவாட்டில் அரைத்தால்தான் தேயும். திமோத்தி உலர்புல் விலை அதிகம் என்றால் அருகம்புல்லோ கோ-4 தீவனப்புல்லோ தாராளமாகப் போடலாம். குதிரைமசாலில் கால்சியம் அதிகம், வளர்ந்த முயலுக்கு அன்றாட உணவாகாது. பெல்லட் (குருணைத் தீவனம்) முயலின் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 25 கிராமைத் தாண்ட வேண்டாம். பிறவிக் கோணலை எந்தப் புல்லும் நிமிர்த்தாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

மயக்கம் கொடுப்பதற்கு முன்பு, நாய்க்குச் சொல்வது போல "ராத்திரியிலிருந்து பட்டினி போடுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினியால் குடல்தான் நின்றுபோகும். வாயில் உணவுத் துணுக்கு இல்லாதிருக்க மயக்கத்துக்கு ஓரிரு மணி நேரம் முன்பு உணவை எடுத்துவிட்டால் போதும். வாய்வழி தரும் அமாக்ஸிசிலின், கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகள் இரண்டும் முயலின் குடல் நுண்ணுயிர்களைக் குலைத்து உயிரையே பறிக்கலாம். மருந்துச்சீட்டில் இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த முயல் சாப்பிடத் தொடங்கிவிட்டதா, புழுக்கை போடுகிறதா என்று கவனியுங்கள். 12 மணி நேரமாகப் புழுக்கையே இல்லையென்றால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.