டர்பனில் பத்துச் சனிக்கிழமைகள்: தலைமையாசிரியர்களுக்கான ஒரு பயிற்சி வகுப்பு

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் பதினேழு ஆண்டுகள் பாடம் நடத்தி, நான்கு ஆண்டுகள் துணைத் தலைமையாசிரியராக இருந்து, சென்ற ஆண்டு தலைமைப் பொறுப்பை ஏற்றேன். இங்கே இந்தப் பதவிக்கு ஆசிரியர் தகுதியும் அனுபவமும் வேண்டும். தலைமைப் பணிக்கென்று தனிப் பட்டயம் கட்டாயமில்லை. எனவே வெள்ளிக்கிழமை வரை வகுப்பில் கணக்குச் சொல்லித்தந்தவர், திங்கட்கிழமை சம்பளப் படிவம், கூரை ஒழுகல், ஆசிரியர் விடுப்பு, பெற்றோர் புகார் எல்லாவற்றையும் ஒரே மேசையில் சந்திக்கிறார். அந்தத் தவிப்பில்தான், டர்பனில் ஒரு தனியார் நிறுவனம் நடத்திய பத்து வாரப் பயிற்சியில் என் சொந்தப் பணம் 6,500 ராண்ட் கட்டிச் சேர்ந்தேன். சனிக்கிழமைதோறும் காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை வகுப்பு. இருபத்திரண்டு பேர் படித்தோம். நிறைகளோடு குறைகளையும் சொல்ல இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இத்தகைய வகுப்புகள் பல நடக்கின்றன. எதில் சேர்வதாக இருந்தாலும் முன்கூட்டியே எதை விசாரிக்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

முதல் சனிக்கிழமையே வேலை தொடங்கிவிட்டது. அடுத்த பத்துப் பள்ளி நாள்களில், அரை மணிக்கு ஒரு முறை, நான் எங்கே இருந்தேன், யாரோடு பேசினேன் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். என் சொந்தக் கணக்கு வகுப்பை நீக்கிப் பார்த்தால், பத்து நாள்களில் பிறருடைய வகுப்பறைகளில் நான் இருந்தது மொத்தம் ஒரு மணி நாற்பது நிமிடம். மீதி நேரமெல்லாம் குழாய் பழுது, மின்னஞ்சல், முன்னறிவிப்பின்றி வந்த பெற்றோர், விற்பனை முகவர்கள் என்று கரைந்திருந்தது. பள்ளியைத் தாங்கிப் பிடிப்பதாக நான் நம்பியிருந்த நேரத்தில் பள்ளியின் உயிரான வேலை எனக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருந்தது என்பதை அந்தக் குறிப்பேடு முகத்தில் அறைந்தாற்போல் காட்டியது. அன்று முதல் காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை அலுவலகத்தில் உட்காருவதில்லை என்று முடிவெடுத்தேன். எங்கள் அலுவலகச் செயலாளர் அம்மாவிடம் நிலையைச் சொன்னபோது, "நீங்கள் கவலைப்படாதீர்கள், மேடம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் மட்டும் கூப்பிடுகிறேன், மற்றவர்களைப் பத்து மணிக்கு வரச் சொல்கிறேன்" என்றார். இரண்டே வாரத்தில் பெற்றோரும் பழகிவிட்டார்கள்.

வகுப்பறைக்குப் போய் என்ன செய்வது என்பதில்தான் இந்தப் பயிற்சி, நான் கொடுத்த பணத்துக்குத் தகுதியானது. தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் இது எளிய விஷயமன்று. நிறவெறி ஆட்சிக் காலத்தில் வகுப்புக்குள் நுழைந்த ஆய்வாளர்களின் நினைவு மூத்த ஆசிரியர்களிடம் இன்னும் வடுவாக இருக்கிறது. குறிப்பேட்டோடு ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்தாலே முகம் இறுகிவிடும். அதோடு, இப்போதுள்ள தர மேலாண்மை முறையின் கீழ் நடக்கும் மதிப்பீட்டு வருகைக்கு ஆசிரியர்கள் தனியாக ஒரு பாடத்தைத் தயாரித்து வைத்துக்கொள்கிறார்கள். அது கோப்புக்கு உதவும், பிள்ளைக்கு உதவாது. பயிற்சியாளர்களுள் ஒருவர் டர்பனை அடுத்த உம்லாசியில் நெடுங்காலம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார். பிறர் கதவைத் தட்டுவதற்கு முன் உங்கள் கதவைத் திறந்து வையுங்கள் என்றார் அவர். அப்படியே, என் ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்கு மூன்று ஆசிரியர்களை அழைத்தேன். பின்னங்களை நான் விளக்கிய வேகத்தில் கடைசி இரு வரிசைகளும் தொலைந்துபோனதை அவர்கள் சொன்னார்கள். அதன்பிறகு நான் அவர்கள் வகுப்புக்குப் போனபோது யாரும் மறுக்கவில்லை.

வருகை பத்து நிமிடம்தான். ஆசிரியரைப் பார்த்து உட்காராமல் ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார வேண்டும், மெல்லிய குரலில், "இப்போது என்ன படிக்கிறாய்?" என்று கேட்க வேண்டும், பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி, அதில் என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் பன்னாட்டு வாசிப்பு ஆய்வில், பொருள் புரிந்து வாசிக்க இயலாத தென்னாப்பிரிக்க நான்காம் வகுப்பு மாணவர்கள் 81 விழுக்காடு என்று வந்தது. 2016இல் அது 78. அந்த எண்ணைப் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு சிறுமி முழுப் பத்தியையும் தங்குதடையின்றி உரக்க வாசித்துவிட்டு, நாய் எங்கே ஒளிந்தது என்ற கேள்விக்கு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண் எனக்குப் புரிந்தது. அன்று மாலை ஆசிரியர் வீட்டுக்குக் கிளம்பும் முன்பே, கண்டதில் ஒன்றை மட்டும் அவரிடம் பேசிவிட வேண்டும் என்பது விதி. ஒன்றுக்கு மேல் பேசினால் எதுவும் தங்காது. மறுநாளுக்குத் தள்ளினால் அது புகாராகிவிடும்.

ஆறாவது வாரம் கடினமான பேச்சுகளுக்கானது. அடிக்கடி தாமதமாக வரும் ஓர் ஆசிரியராகச் என்னோடு படித்தவர்களுள் ஒருவர் நடித்து எதிரே அமர்ந்தார். நான் தொடங்கினேன்: "உங்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, நீங்கள் இந்தப் பள்ளிக்குச் செய்திருப்பது கொஞ்சநஞ்சமல்ல, இருந்தாலும்..." உம்லாசி அம்மையார் கையை உயர்த்தி நிறுத்தினார். "என்ன நடந்தது என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை." மறுபடியும் சுற்றி வளைத்தேன், மறுபடியும் நிறுத்தினார். நான்காம் முறை இப்படி வந்தது: "திங்கள், புதன், வியாழன் மூன்று நாளும் முதல் பாடவேளையில் நீங்கள் வகுப்பில் இல்லை. நாற்பது பிள்ளைகள் பெரியவர் துணையில்லாமல் இருந்தார்கள். என்ன நடக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மௌனத்தை அவர் தம் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணிக் காட்டினார், பத்து வரை. பள்ளிக்குத் திரும்பி, உண்மையான ஓர் ஆசிரியரிடம் அதே மாதிரி பேசினேன். எட்டாவது விரலை மடக்கும் நேரத்தில் அவர் வாய் திறந்தார். வீடு மாறியதால் இரண்டு டாக்ஸி (பலர் சேர்ந்து ஏறும் சிற்றுந்து) மாறி வர வேண்டியிருந்தது, வாடகை வீடு என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். அவருடைய ஓய்வுப் பாடவேளையை நாளின் முதல் வேளையாக மாற்றி, அதற்கு ஈடாகப் பள்ளி முடிந்தபின் வாயில் கண்காணிப்பை அவரிடம் கொடுத்தேன். ஓராண்டாக எனக்குள் புகைந்துகொண்டிருந்த கோபம் ஒரு கால அட்டவணை மாற்றத்தில் தீர்ந்தது.

இனிக் குறைகள். பணம், சட்டம், பள்ளி ஆட்சிக் குழு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே ஒரு சனிக்கிழமையில் முடித்துவிட்டார்கள். அதிலும் பாதி எடுத்துக்காட்டுகள் வெளிநாட்டுப் பள்ளிகளைப் பற்றியவை. நம்முடைய தலைமையாசிரியர் கால் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். 1996ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டப்படி ஆட்சிக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. வரவுசெலவுத் திட்டத்தைப் பெற்றோர் பொதுக்கூட்டத்தில் வைக்க 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே அதைப் பள்ளியில் பார்வைக்கு வைக்க வேண்டும். இந்த நாள்களில் ஒன்று பிசகினாலும், அந்தக் கூட்டத்தில் முடிவான கட்டணம் பிறகு கேள்விக்குள்ளாகும். அரசு பள்ளிகளை ஐந்து பிரிவுகளாக வகுக்கும்போது, பள்ளி அமைந்திருக்கும் வட்டாரத்தின் வருமானமும் வேலைவாய்ப்பும் கல்வியுமே கணக்கில் வருகின்றன, அங்கே வந்து படிக்கும் பிள்ளையின் வீடு வருவதில்லை. சாட்ஸ்வர்த்தில் ஓரளவு வசதியான தெருவில் இருக்கும் பள்ளிக்குத் தகரக் குடிசைகளிலிருந்து நடந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளியோ கட்டணம் வாங்கும் பிரிவில் இருக்கிறது. கட்டணம் பெற்றோரின் ஆண்டு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ எட்டினால் முழு விலக்கு உண்டு, கட்டாத காரணத்துக்காகப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று விதிகள் தெளிவாக இருந்தும், விலக்குப் படிவத்தைக் கேட்க வெட்கப்பட்டுப் பெற்றோர் வாயிலிலேயே திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தாயிடம் எப்படிப் பேசுவது, கட்டாதவர் பட்டியலை யார் கண்ணில் படாமல் வைப்பது என்று ஒரு மணி நேரமாவது சொல்லித்தந்திருக்கலாம்.

இரண்டாவது குறை மொழி. எங்கள் பள்ளியில் இப்போது பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் சூலு மொழிதான். பயிற்சியில் தந்த பெற்றோர் கடிதங்களின் மாதிரிகள் அனைத்தும் ஆங்கிலத்தில், அதுவும் வழக்கறிஞர் எழுதியது போல இருந்தன. டர்பன் அமைந்த நேட்டாலில், இந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் தம் பிள்ளைகளுக்காகக் காசு திரட்டிப் பள்ளிக் கட்டடங்களை எழுப்பியவர்கள். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த சீனிவாச சாஸ்திரி, 1927இல் இந்திய அரசின் முதல் முகவராக, அதாவது அரசின் பிரதிநிதியாக, இங்கே வந்து, சமூகத்தாரிடம் நிதி கேட்டு உருவாக்கிய சாஸ்திரி கல்லூரி 1929இல் டர்பனில் திறக்கப்பட்டது. பெற்றோர் தம்முடையது என்று நினைத்த பள்ளிகள் அவை. இன்று வாயிலில் பிள்ளையைக் கைப்பிடித்து நிற்கும் பாட்டிக்கும் அதே உரிமை உண்டு என்பதைக் கடிதத்தின் மொழியே சொல்ல வேண்டும். நான் "சவுபோனா" என்று வணங்கத் தொடங்கிய பிறகு, கூட்ட அழைப்பை இரு மொழியிலும் அரைப் பக்கத்துக்குள் அனுப்பிய பிறகு, சென்ற பருவக் கூட்டத்தில் நாற்காலி போதாமல் பக்கத்து வகுப்பிலிருந்து எடுத்து வந்தோம். இப்படிச் செய்யும்படி எனக்குச் சொன்னது எங்கள் பள்ளித் துப்புரவுப் பணியாளர், பயிற்சி வகுப்பு அல்ல.

பதவியேற்று ஓராண்டாவது ஆனவர்களுக்கும், துறைத்தலைவர்களாக இருந்து மேலே போக நினைப்பவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். தொழில் மேம்பாட்டுப் புள்ளிகளும் கிடைக்கின்றன, மூன்றாண்டுகளில் 150 சேர்க்க வேண்டியவர்களுக்கு அது கூடுதல் ஆதாயம். பொறுப்பேற்று முதல் மாதத்திலேயே சேர வேண்டாம். குறிப்பேட்டில் எழுத உங்களிடம் இன்னும் எதுவும் இருக்காது. சேரும் முன், நிதிக்கும் ஆட்சிக் குழுவுக்கும் எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், நடத்துபவர்களில் எத்தனை பேர் கட்டணப் பள்ளி அல்லாத அரசுப் பள்ளியை நடத்தியவர்கள் என்று கேளுங்கள். அடுத்த ஆட்சிக் குழுத் தேர்தல் 2027இல் வருகிறது. அதற்கு முன் அந்த ஒரு சனிக்கிழமையை மூன்றாக விரிக்கும்படி நிறுவனத்தாருக்கு எழுதியிருக்கிறேன்; பார்க்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது.